வளர்ச்சி இல்லை

ஜூன் 2

அன்புள்ள லேப்காரருக்கு,

நான் நலமில்லை என்று எழுதினால் நீங்கள் நம்பப் போவதில்லை. அதனால் நீங்கள் நலமா என்று மட்டும் கேட்டு ஆரம்பிக்கிறேன்.

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். போனில் நான் ஒரு வாக்கியம் முடிப்பதற்குள் நீங்கள் மூன்று சொல்லிவிடுகிறீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும்.

தங்கை எனக்கு மாடிப்படிக்குப் பக்கத்து அறையைக் கொடுத்திருக்கிறாள். இஸ்திரி மேஜை, பிள்ளைகளின் பழைய சைக்கிள், நான். குளியலறை நாலே அடி. அதைப் பார்த்துத்தான் இந்த அறையாம். தங்கை வீட்டுக்காரர் இந்தப் பக்கம் வரும்போதெல்லாம் இரண்டு தடவை இருமிவிட்டுத்தான் வருகிறார். நல்ல மனிதர்.

வந்து ஐந்து வாரத்தில் காய்ச்சல் இரண்டு தடவை வந்துவிட்டது. அதே விலா வலி, அதே எரிச்சல், பல் கிட்டும்படி அதே குளிர். தங்கை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். அங்கே ஒரு டாக்டரம்மா. அதிகம் பேசமாட்டார், ஆனால் கேட்கத் தெரிந்தவர். நீங்கள் கையெழுத்துப் போட்ட மூன்று சிறுநீர் ரிப்போர்ட்டுகளையும் மேஜையில் வரிசையாக வைத்துப் பார்த்தார். மூன்றிலும் அதே இரண்டு வார்த்தை: வளர்ச்சி இல்லை. அதாவது, கிருமி எதுவும் வளரவில்லை, உடம்பில் ஒன்றுமில்லை.

"இந்த டெஸ்ட்டெல்லாம் எடுக்கும்போது மாத்திரை சாப்பிட்டுட்டு இருந்தீங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அந்த லேப்ல சாம்பிளைத் தண்ணியில கழுவுவாங்களா?" என்றார். உங்கள் பெருமைக்குரிய வழக்கமாயிற்றே, எனக்குத் தெரியாமல் இருக்குமா? அதற்கும் ஆமாம் என்றேன். உடனே புதிதாக ஒரு சாம்பிள் வாங்கி, கழுவாமல் ஒரு சொட்டை அப்படியே மைக்ராஸ்கோப்பில் வைத்தார். பிறகு என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உருண்டை உருண்டையாக, வெளிறிப்போய், ஊதிக்கொண்டு கிடந்தன. "இதுதாம்மா உங்க காய்ச்சல்" என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. வியாதி இருக்கிறது என்று கேட்டுச் சந்தோஷத்தில் அழுதவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை நான் எடுத்த நாற்பத்தொரு நாள் லீவு பொய் லீவு என்று சட்டைக் கம்பெனியில் விசாரணை வைத்திருக்கிறார்கள். ஜூன் 28. டாக்டரம்மா எழுதிக் கொடுக்கத் தயார்தான், ஆனால் அது இன்றைய உடம்புக்கு. அந்த நாட்களுக்குக் கையெழுத்து உங்களுடையது. அந்த மூன்று ரிப்போர்ட்டும் தவறாக இருந்திருக்கின்றன என்று லேப் கடிதத்தாளில் ஒரே ஒரு வரி வேண்டும். இல்லாவிட்டால் பதினாறு வருஷ வேலை போய்விடும், பொய்க்காரி என்ற பெயரோடு போய்விடும்.

காலர் தையலில் குறை கண்டுபிடிக்கிறவள் என்று நீங்கள் எனக்கு ஒரு பெயர் வைத்தீர்களே, அதிலேயே கையெழுத்துப் போடுகிறேன். கோபம் பாதி குறைந்திருக்கிறது என்று புரிந்துகொள்ளுங்கள்.

அன்புடன்,
பூதக்கண்ணாடி


ஜூன் 7

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

உன் கடிதத்தைக் குறுக்கே பேசாமல் படித்தேன். சுவரைப் பார்த்து இரண்டு தடவை பேசினேன், அது கணக்கில்லை.

வீட்டுச் செய்தி. சமையலறைக் குழாய் சொட்டிக்கொண்டிருந்தது. நானே வாஷர் மாற்றினேன். இப்போது இரண்டு இடத்தில் சொட்டுகிறது. பூனை உன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டுவிட்டது. என்னைக் கண்டால் எழுந்திருப்பதுகூட இல்லை. எதிர்வீட்டுத் தையல்காரர் தினமும் "வீட்டுல இன்னும் வரலியா?" என்கிறார். "நாளைக்கு" என்கிறேன். ஐந்து வாரமாக நாளைக்கு.

உன் டாக்டரம்மா விஷயத்துக்கு வருகிறேன். மைக்ராஸ்கோப்பில் உருண்டையாகத் தெரிவதெல்லாம் கிருமி என்றால் நான் தினமும் ஆயிரம் கிருமி பார்க்கிறேன். காற்றுக் குமிழி உருண்டை. கொழுப்புத் துளி உருண்டை. பழகாத கண்ணுக்கு எதைக் காட்டினாலும் நம்பும்.

கழுவுவதைப் பற்றிக் குறை சொல்லியிருக்கிறாய். மாத்திரை சாப்பிடுகிறவர்களின் சிறுநீரில் மருந்தும் கலந்திருக்கும். அதோடு வளர்த்தால் கிருமி எப்படி வளரும்? அதனால்தான் சுத்தமான தண்ணீரில் மூன்று முறை கழுவி, மருந்தை வெளியேற்றிவிட்டு வளர்க்கிறோம். இது நானே யோசித்துக் கொண்டுவந்த முறை. பதினான்கு வருஷமாக லேப் முழுக்க அதைத்தான் செய்கிறது. எங்கள் தலைவர் அதைக் கூட்டத்தில் பாராட்டிய அன்று பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கேக் கொடுத்தது யார்? நீதானே.

உன் சாம்பிளை வேறு ஆளிடம் கொடுக்காமல் மூன்று தடவையும் நானே பார்த்தேன். வெளியாளுக்கு இப்படிச் செய்வேனா? உடம்பில் ஒன்றுமில்லை என்று சொன்னதற்குக் கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போன ஒரே நோயாளி நீதான். அலைச்சலும் கவலையும் அப்படி வலியைக் கொடுக்கும். வீட்டுக்கு வா, ஓய்வெடு. கம்பெனி விஷயத்தை யாரையாவது பார்த்துப் பேசிச் சரிக்கட்டலாம்.

உன்,
லேப்காரன்


ஜூன் 11

லேப்காரருக்கு,

"பழகாத கண்" என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு நாளைக்கு நானூறு காலர் பார்க்கிற கண் இது. நூல் ஒரு இழை விலகினால் தெரியும். அதை விடுங்கள்.

டாக்டரம்மாவிடம் மறுபடி போய், எனக்குப் புரியும்படி சொல்லச் சொன்னேன். கிருமியைச் சுற்றி ஒரு சுவர் இருக்குமாம். நான் சாப்பிட்ட மாத்திரை அந்தச் சுவரைக் கட்டவிடாமல் செய்கிற ஜாதி. முக்கால்வாசிக் கிருமி அதிலேயே செத்துவிடும். மிச்சம் கொஞ்சம், சுவர் போனாலும், உள்ளே இருக்கும் மெல்லிய தோலை மட்டும் வைத்துக்கொண்டு உருண்டையாக ஊதி உயிரோடு கிடக்குமாம். மாத்திரையை நிறுத்தியதும் மெல்லச் சுவரைக் கட்டிக்கொண்டு பழைய ஆளாகிவிடும். மறுபடி காய்ச்சல். அந்த ஊதிய உருண்டைகளுக்குச் சுற்றிலும் உப்போ சர்க்கரையோ இருக்க வேண்டும். சுத்தமான தண்ணீர் பட்டால் உறிஞ்சி உறிஞ்சி வெடித்துவிடும். அதாவது, நீங்கள் மூன்று முறை கழுவினால் மூன்று முறை கொல்கிறீர்கள். அப்புறம் வளரவில்லை என்று எழுதுகிறீர்கள்.

இதைக் கேட்டுவிட்டு வெளியே வந்து பெஞ்சில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். என் நினைவில் வந்தது கிருமி இல்லை. பிப்ரவரியில் ஒரு மத்தியானம். நான் வெந்நீர்ப் பையை விலாவில் அழுத்திக்கொண்டு கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறேன். நீங்கள் அந்தப் பக்கம் தங்கை வீட்டுக்காரரிடம் போனில் பேசுகிறீர்கள். "அவளுக்கு உடம்புல ஒண்ணுமில்ல. எல்லாம் மனசுலதான். கண்டுக்காம விட்டா சரியாயிடும்." சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அதுதான் இன்னும் எரிகிறது.

கம்பெனியில் மேற்பார்வையாளர் நான் கழிவறைக்குப் போவதை நோட்டில் குறித்துவைத்தார். ஒரு ஷிஃப்டில் எட்டு தடவை. உடம்பு சரியில்லை என்றேன். "உங்க வீட்டுக்காரரே ஒண்ணுமில்லன்னு ரிப்போர்ட் குடுத்திருக்காரு, அப்புறம் என்னம்மா?" என்றார். வரிசையில் இருந்த அத்தனை பேரும் தலையைக் குனிந்துகொண்டு தைத்தார்கள்.

என்னை நம்ப வேண்டாம். டாக்டரம்மாவையும் நம்ப வேண்டாம். அவர் எழுதிக்கொடுத்த செய்முறையை இத்துடன் வைத்திருக்கிறேன். ஒரு சாம்பிளை இரண்டாகப் பிரியுங்கள். ஒன்றை உங்கள் முறைப்படி கழுவுங்கள். இன்னொன்றைக் கழுவாமல், கிருமி வளர்க்கும் தட்டில் சர்க்கரை சேர்த்துப் போடுங்கள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பாருங்கள். பார்த்ததை எழுதுங்கள்.

பூதக்கண்ணாடி


ஜூன் 19

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். இது ஐந்தாவது. இதைக் கிழிக்கக் கூடாது என்று பூனையிடம் சத்தியம் செய்திருக்கிறேன். அது உன் நாற்காலியில் இருந்தபடி ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்த்தது.

எங்கள் ஆஸ்பத்திரியில் கார் நிறுத்துமிடத்தில் ஒரு காவலாளி இருக்கிறாரே, உனக்குத் தெரியும், நீ வந்தால் வெயிலில் நிற்க வேண்டாம் என்று ஸ்டூல் எடுத்துப் போடுவார். அவர் இந்த வருஷம் நாலாவது தடவையாக வந்திருக்கிறார். மூன்று தடவையும் வளர்ச்சி இல்லை என்று நான்தான் எழுதியிருக்கிறேன். அவர் சாம்பிளைத்தான் இரண்டாகப் பிரித்தேன். உன் டாக்டரம்மா சொல்வது தவறு என்று நிரூபிக்கத்தான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

கழுவாத பாதியில் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்தேன். உருண்டைகள். குமிழி இல்லை, கொழுப்பும் இல்லை. அந்தக் கண்ணாடித் துண்டின் ஓரத்தில் ஒரு துளி சுத்தத் தண்ணீர் விட்டுவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் போய்ச் சேரச் சேர ஒவ்வொன்றாக ஊதி, காணாமல் போயின. ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. மைக்ராஸ்கோப்பில் தெரிந்த வட்டம் வெறுமையாகிவிட்டது. பதினான்கு வருஷமாக நான் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தது அந்த வெறுமையைத்தான். நாலாம் நாள் சர்க்கரைத் தட்டில் சின்னச் சின்னப் புள்ளிகளாக வளர்ந்திருந்தது. கழுவிய தட்டில் ஒன்றுமில்லை. நான் ஸ்டூலில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்து மேஜைப் பெண் அமிலம் கண்ணில் பட்டுவிட்டதா என்று ஓடி வந்தாள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இதற்காகத்தான் நாலு கடிதம் கிழிந்தது.

மார்ச்சில் உன் மூன்றாவது சாம்பிள் வந்த அன்று, சாம்பிளைக் கழுவச் சுழற்றும் இயந்திரம் பழுது. அது சரியாகும் வரை சும்மா இருப்பானேன் என்று கழுவாமலே ஒரு சொட்டு பார்த்தேன். இதே உருண்டைகள். அன்றைக்கே பார்த்தேன். கொழுப்புத் துளி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கழுவினேன், போய்விட்டன. கொழுப்பு தண்ணீரில் அப்படிப் போகாது என்று எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் உனக்கு ஒன்றுமில்லை என்று அதற்குள் எல்லாரிடமும் சொல்லி முடித்திருந்தேன். உன் தங்கை வீட்டுக்காரரிடம், தையல்காரரிடம், உன்னிடமே. திரும்பிப் போய் எல்லார் முன்னாலும் நாக்கைக் கடித்துக்கொள்ள வேண்டுமே என்று இருந்தது. வளர்ச்சி இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். என்னை மன்னித்துவிடு.

நீ கேட்ட வரியை எழுதித் தருகிறேன். ஆனால் ஜூலை 10 வரை பொறுத்துக்கொள். அன்று எங்கள் லேப்பை ஆய்வு செய்ய வெளியிலிருந்து வருகிறார்கள். அதற்கு முன்னால் என் கையெழுத்தில் இப்படி ஒன்று வெளியே போனால், பதினான்கு வருஷ ரிப்போர்ட் அத்தனையும் கேள்விக்கு வரும். முறை என்னுடையது, தலை என்னுடையது. யோசித்துப் பார். உன் வேலை போனால் நான் இருக்கிறேன். என் வேலை போனால் நமக்கு யார் இருக்கிறார்கள்?

உன் தலையணை உறையை இன்னும் மாற்றவில்லை.

உன்,
லேப்காரன்


ஜூன் 21

லேப்காரருக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். முதல் தடவை படித்தபோது மனம் இளகிவிட்டது. பெட்டியை எடுத்துக் கட்டிலில் வைத்தேன்கூட. இரண்டாவது தடவை கடைசிப் பத்தியில் நின்றேன். மூன்றாவது தடவை பெட்டியைக் கீழே இறக்கிவிட்டேன்.

விசாரணை 28. உங்கள் ஆய்வு 10. எனக்கு நடுவில் பன்னிரண்டு நாள் நிற்பதற்கு இடம் இல்லை. "நான் இருக்கிறேன்" என்று எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரியிலும் இருந்தீர்கள், கதவுக்கு அந்தப் பக்கம்.

எனக்கு அழுகை வேண்டாம், மன்னிப்பும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். என்னிடம் எழுதியதையே முத்திரை வைத்த தாளில் எழுதுங்கள். நாலு வரி போதும்.

அந்தக் காவலாளியிடம் சொல்லிவிட்டீர்களா? அவருக்கு மாத்திரையை மாற்ற வேண்டும். சுவரோடு சம்பந்தமில்லாத வேறு ஜாதி மருந்து என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு அதைத்தான் கொடுத்திருக்கிறார்.

பூதக்கண்ணாடி


ஜூன் 25

அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு,

சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டேன். லேப் கடிதத்தாளில், முத்திரையோடு, என் கையெழுத்தோடு இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு நாள் யோசித்து, யாருக்கும் பாதகம் இல்லாமல் எழுதியிருக்கிறேன். அதிகாரிகளுக்கு இந்த நடைதான் புரியும். "வேறுபடக்கூடும்" என்ற சொல்லை நீ அழுத்திச் சொன்னால் போதும், அவர்கள் புரிந்துகொள்வார்கள்.

காவலாளியைப் பற்றிக் கவலைப்படாதே. போன வாரம் வழக்கம்போல் எழுதித்தான் அனுப்ப வேண்டியிருந்தது. ஆய்வு முடியட்டும், அடுத்த தடவை வரும்போது சரியாகச் செய்துவிடலாம். அவரால் இப்போது நடமாட முடிகிறது.

குழாய்க்கு ஆள் வந்து போனான். இப்போது சொட்டவில்லை. வீட்டுக்கு வா.

உன்,
லேப்காரன்

(இணைப்பு)
சம்பந்தப்பட்டவர்களுக்கு: மேற்படி நோயாளியின் மூன்று மாதிரிகளும் இவ்வாய்வகத்தில் நடைமுறையில் உள்ள முறைப்படி பரிசோதிக்கப்பட்டன. அம்முறைப்படி "வளர்ச்சி இல்லை" என்ற முடிவு சரியானதே. பிற்காலத்திய முறைகளில் முடிவுகள் வேறுபடக்கூடும்.


ஜூன் 30

உங்களுக்கு,

உங்கள் கடிதத்தாள் 27ஆம் தேதி மாலை வந்தது. தங்கைதான் உறையைப் பிரித்து வாசித்தாள். "சரியானதே" என்ற இடத்தில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். நல்ல பூச்சு வேலை. எந்தப் பக்கம் தடவினாலும் வழவழவென்று இருந்தது.

விசாரணை நடந்ததைச் சொல்கிறேன். இதை உங்களிடம் வேறு யாராவது சொல்வதற்குள் நானே சொல்லிவிட வேண்டும்.

கம்பெனியின் பின்பக்கம் ஒரு சின்ன அறை. பணியாளர் அதிகாரி, மேற்பார்வையாளர், தட்டச்சு செய்ய ஒரு பெண். நான் இரண்டு தாளையும் மேஜையில் வைத்தேன். 25ஆம் தேதித் தாளையும், 19ஆம் தேதிக் கடிதத்தையும். ஆமாம், வைத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல் இரவல் கொடுத்ததாக வைத்துக்கொள்ளுங்கள். உங்களிடம் வேறு உண்மை இருந்திருந்தால் அதைக் கொடுத்திருப்பேன்.

பதிவு செய்ய வேண்டும் என்று அதிகாரி கடிதத்தை வாய்விட்டு வாசித்தார். "அன்புள்ள பூதக்கண்ணாடிக்கு" என்று ஆரம்பித்துவிட்டு, "அது யாரும்மா?" என்றார். "நான்தான் சார்" என்றேன். தட்டச்சுப் பெண் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பூனையிடம் செய்த சத்தியத்தை வாசித்தார். தலையணை உறையை வாசித்தார். மேற்பார்வையாளர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு தோள் குலுங்கச் சிரித்தார். மூன்றாவது சாம்பிளைப் பற்றி எழுதியிருந்தீர்களே, அந்த இடம் வந்தபோது மட்டும் யாரும் சிரிக்கவில்லை. ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம், அந்த அறையில் என்னை நம்பினார்கள்.

பிறகு அதிகாரி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். "இது வீட்டுக் கடிதம்மா. புருஷன் பொண்டாட்டிக்குள்ள சமாதானத்துக்கு ஆயிரம் எழுதுவாங்க. முத்திரை இருக்கறது இதுல. இதுல சரியானதேன்னு இருக்கே?" என்றார். "வேறுபடக்கூடும்" என்பதை அழுத்திச் சொன்னேன், நீங்கள் சொல்லிக்கொடுத்தபடி. அவர் "ம்" என்றார்.

வேலை போய்விட்டது. பொய்க் காரணம் காட்டி விடுப்பு எடுத்ததாக எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். தீர்ப்பின் கடைசியில் ஒரு வரி சேர்த்திருக்கிறார்கள். ஒரே ஆள் இரண்டு விதமாகக் கையெழுத்துப் போட்டிருப்பதால், இரண்டு தாளின் நகலும் உங்கள் லேப் தலைவருக்கு அனுப்பப்படும் என்று. கடிதத்தைத் திருப்பிக் கேட்டேன். கோப்பில் சேர்த்தாகிவிட்டது என்றார்கள். ஆக, நீங்கள் என்னைப் பலி கொடுத்துக் காப்பாற்றிய உங்கள் வேலையும் தப்பப் போவதில்லை. இதில் எனக்குத் துளியும் சந்தோஷம் இல்லை. சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன், வரவில்லை. நாலு வரி நேராக எழுதியிருந்தால் இரண்டு பேரும் தலை நிமிர்ந்து அடி வாங்கியிருக்கலாம்.

இதை முன்கூட்டியே உங்களுக்குச் சொல்கிறேன். நீங்கள் எனக்கு மார்ச்சில் செய்யாதது அது ஒன்றுதான்.

அந்தக் காவலாளிக்கும் எழுதிவிட்டேன். பெயர் தெரியாது. ஆஸ்பத்திரி முகவரி போட்டு, கார் நிறுத்துமிடக் காவலாளிக்கு என்று எழுதினேன். அவருடைய காய்ச்சல் அவர் மனசில் இல்லை என்றும், சாம்பிளைக் கழுவாமல் பார்க்கச் சொல்லும்படியும், டாக்டரம்மாவின் முகவரியும் எழுதியிருக்கிறேன். இந்தக் கடிதத்தையும் அதையும் ஒன்றாகத்தான் தபால் பெட்டியில் போடுகிறேன். ஒரே நாளில் வந்து சேரும். அவர் அதைத் தூக்கிக்கொண்டு உங்கள் லேப் ஜன்னலுக்குத்தான் வருவார். உட்கார ஸ்டூல் போடுங்கள்.

புது மருந்தில் பத்து நாளாகக் காய்ச்சல் இல்லை. விலா வலி இல்லை. நேற்று மாடிப்படியை ஏறி மொட்டைமாடி வரை போய்விட்டு வந்தேன். நல்லது நடந்தால் முதலில் உங்களிடம் சொல்லிப் பழகிய கை, சொல்லிவிட்டது.

வீட்டுச் சாவி உறைக்குள் இருக்கிறது. பூதக்கண்ணாடி என்று இனி என்னை எழுத வேண்டாம். அந்தப் பெயரை அந்த அறையில் அதிகாரி வாயில் கேட்டுவிட்டேன், இனி அது உங்கள் குரலில் எனக்குக் கேட்காது.

நாற்காலியைப் பூனைக்கே கொடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
நான்